சென்னை மாநகரப் போக்குவரத்துத் தெரிவுகள்: மோனோ ரயில், பேருந்துத் தனித்தடம், மெட்ரோ ரயில் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் பெருந்திரள் போக்குவரத்துக்கு உகந்த ஊர்தி எது என்னும் விவாதம் 2006 முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. மோனோ ரயில், பேருந்துத் தனித்தடம், மெட்ரோ ரயில் ஆகிய மூன்றையும் அவற்றின் கட்டுமானச் செலவை மட்டும் கொண்டு ஒப்பிடும் போக்கு அவ்விவாதத்தில் மேலோங்கியிருந்தது. கொள்ளளவு, வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரையிலான முழுப் பயண நேரம், பழுது நேர்கையில் ஏற்படும் விளைவு, கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்து நோக்கினால் முடிவுகள் மாறுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பறக்கும் ரயிலின் அனுபவமும் மும்பை மோனோ ரயிலின் அனுபவமும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சென்னை, மோனோ ரயில், மெட்ரோ ரயில், பேருந்துத் தனித்தடம், பறக்கும் ரயில், நகரப் போக்குவரத்துத் திட்டமிடல்.

முன்னுரை

சென்னை நகரம் தண்டவாளத்துக்குப் புதியதன்று. 1895-ஆம் ஆண்டில் இங்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953-இல் அது நிறுத்தப்பட்டது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் இடையே மீட்டர் பாதையில் மின்தொடர் ரயில் இயங்கலாயிற்று. தாம்பரமும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் நகரின் உறுப்புகளாக வளர்ந்தமைக்கு அந்தப் பாதையே முதற்காரணம். 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றி நகரப் பேருந்துகளை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தது. 1995-இல் கடற்கரை – சேப்பாக்கம் இடையே பறக்கும் ரயிலும், 2015-இல் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கின.

ஆகவே, புதியதொரு ஊர்தியை இந்நகருக்குக் கொண்டுவரும் எந்தத் திட்டமும் வெற்றிடத்தில் நிற்பதில்லை. ஏற்கெனவே உள்ள நான்கு அமைப்புகளோடு அது எவ்வாறு இணையும் என்பதே முதல் வினாவாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. மோனோ ரயிலா, மெட்ரோ ரயிலா என்னும் இருமுனை வழக்காகவே இச்சிக்கல் பொதுவெளியில் பேசப்பட்டது. பேருந்து என்னும் மூன்றாம் தெரிவு, அன்றாடம் மிகப் பெரும்பான்மையோரைச் சுமந்து செல்வதாயினும், அவ்வழக்கில் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை.

அறிவிப்புகளின் வரலாறு

2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அன்றைய அ.தி.மு.க. அரசு சென்னைக்கு மோனோ ரயில் திட்டத்தை அறிவித்தது. அவ்வாண்டிலேயே ஆட்சி மாறியது. புதிய தி.மு.க. அரசு மோனோ ரயிலைக் கைவிட்டு மெட்ரோவைத் தேர்ந்தது. தில்லி மெட்ரோ ரயில் கழகம் திட்ட அறிக்கையை ஆயத்தம் செய்ய, 2009 சனவரியில் நடுவண் அரசின் ஒப்புதல் கிடைத்தது. 45 கி.மீ. நீளம், இரண்டு தடங்கள், 14,600 கோடி ரூபாய் மதிப்பீடு, ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடன் என்பன அத்திட்டத்தின் அடிப்படை விவரங்கள்.

2011-இல் மீண்டும் ஆட்சி மாறியபோது மோனோ ரயிலும் மீண்டது. இம்முறை நான்கு தடங்களில் 111 கி.மீ.: வண்டலூர் – புழல் 54 கி.மீ., வண்டலூர் – வேளச்சேரி 23 கி.மீ., பூந்தமல்லி – வடபழனி 18 கி.மீ., பூந்தமல்லி – கத்திப்பாரா 16 கி.மீ. மெட்ரோவின் முதற்கட்டப் பணிகள் ஒருபுறம் தொடர, மோனோ ரயிலுக்கான ஒப்பந்தப்புள்ளிகள் மறுபுறம் கோரப்படுவதும் கைவிடப்படுவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 2014 நவம்பரில் பூந்தமல்லி – கத்திப்பாரா தடத்துக்கும் போரூர் – வடபழனி கிளைக்குமாக 20.68 கி.மீ. நீளத்துக்கு நடுவண் அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 3,267 கோடி ரூபாய். எனினும் ஒரு தூண்கூட நிற்கவில்லை. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி தடமாக அந்த வழி சேர்க்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, எந்த ஆட்சி எதை விரும்பியது என்பதன்று. ஊர்தியின் வகை முதலில் முடிவாயிற்று. அது செல்ல வேண்டிய தடம் பின்னர் தேடப்பட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் ஆற்காடு சாலையிலும் நாள்தோறும் எத்தனை பேர் எங்கிருந்து எங்குச் செல்கின்றனர் என்னும் கணக்கு முடிவுக்கு முன் வரவில்லை. ஊர்தியின் பெயர் மாறியபோதெல்லாம் அச்சாலையின் பயணிகள் மேலும் சில ஆண்டுகள் அதே நெரிசலில் காத்திருந்தனர்.

பெயரும் பொருளும்

‘மோனோ ரயில்’ என்பதை ‘ஒற்றைத் தண்டவாள ரயில்’ எனத் தமிழில் எழுதுவது வழக்கம். சொல் சரி, பொருள் சற்றே பிறழ்கிறது. சென்னைக்கு எண்ணப்பட்ட வகையில் தண்டவாளமே இல்லை. கற்காரையால் ஆன உத்திரம் ஒன்றின் மீது, குதிரைமேல் அமர்ந்தவரின் கால்கள் இருபுறமும் தொங்குவதுபோல, பெட்டி கவிந்து செல்லும். மேலே உருளுவனவும் பக்கவாட்டில் உத்திரத்தைப் பற்றுவனவும் ரப்பர்ச் சக்கரங்கள். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மோனோ ரயிலின் நிறைகளும் குறைகளும் கிளைக்கின்றன.

ரப்பர்ச் சக்கரம் ஏற்றத்தில் வழுக்காது. ஆகையால் எஃகுச் சக்கரம் தயங்கும் செங்குத்தான சரிவிலும் மோனோ ரயில் ஏறும். வளைவுகளும் குறுகலாக அமையலாம். உத்திரம் மெல்லியதாதலால் சாலையில் விழும் நிழலும் குறைவு. மறுபுறம், எஃகின் மீது உருளும் எஃகைவிட ரப்பர் பன்மடங்கு உராய்வைச் சந்திக்கிறது. மின் செலவும் தேய்மானமும் கூடும். ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால் உத்திரமே இடம்பெயர வேண்டும். இருப்புப்பாதையில் சில நொடிகளில் முடியும் செயல் இங்கு எந்திரப் பொறியின் பெரும்பணியாகிறது. கிளைத் தடங்கள் மிக்க வலையமைப்பை மோனோ ரயிலில் உருவாக்குவது அரிதாவதற்கு இதுவே காரணம்.

உலகில் மோனோ ரயில் நிலைத்த இடங்களை நோக்கினால் இத்தன்மை விளங்கும். செருமனியின் வுப்பர்டால் நகரில் 1901 முதல் தொங்கு ரயில் ஓடுகிறது. நெருங்கிய பள்ளத்தாக்கில் ஆற்றின் மேலன்றி வேறு இடம் அங்கு இல்லை. சீனாவின் சோங்சிங் மலைகளாலும் ஆறுகளாலும் துண்டுபட்ட நகரம். அங்கு 2005-இல் தொடங்கிய மோனோ ரயில் பெருந்திரளைச் சுமக்கிறது. டோக்கியோவில் 1964-இல் திறக்கப்பட்ட தடம் விமான நிலையத்தை நகரோடு இணைக்கும் தனிவழி. இதற்கு மாறாக, சிட்னியில் 1988-இல் திறக்கப்பட்ட சிறு வளையம் 2013-இல் மூடப்பட்டது. சென்னை மலையுமன்று, பள்ளத்தாக்குமன்று. கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியாகிய இந்நகரில் மோனோ ரயிலின் முதன்மைச் சிறப்பாகிய ஏற்றம் ஏறும் ஆற்றலுக்கு வேலையே இல்லை.

கொள்ளளவும் செலவும்

பெருந்திரள் ஊர்திகளை ஒப்பிடும் பொது அளவுகோல், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பயணிகளை ஏற்றிச் செல்ல முடியும் என்பதாகும். இதை மணிக்கொள்ளளவு எனலாம். ஒரு தொடரின் கொள்திறனை, மணிக்கு எத்தனை தொடர்கள் என்பதால் பெருக்கினால் அது கிடைக்கும்.

மும்பையில் ஓடிய நான்கு பெட்டி மோனோ ரயில் ஏறத்தாழ 560 பேரை ஏற்றக்கூடியது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தொடர் என்றால் மணிக்கு 20 தொடர்கள், மணிக்கொள்ளளவு 11,200. சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டித் தொடர் 1,276 பேருக்கு வடிவமைக்கப்பட்டது. இரண்டரை நிமிட இடைவெளியில் 24 தொடர்கள். மணிக்கொள்ளளவு 30,600-ஐத் தாண்டுகிறது. எழுபது பேர் செல்லும் பேருந்து, தனித்தடத்தில் நிமிடத்துக்கு ஒன்றாகச் சென்றால் 4,200. நிறுத்தங்களில் ஒரு பேருந்தை மற்றொன்று முந்திச் செல்ல இடம் அமைத்து, ஒரே வேளையில் பல பேருந்துகள் நிற்க வசதி செய்தால் இத்தொகை பன்மடங்காகும். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய டிரான்ஸ்மிலெனியோ அமைப்பின் முதன்மைத் தடம் 40,000-ஐயும் கடந்த அளவை எட்டியது. பேருந்து என்றாலே கொள்ளளவு குறைவு என்னும் பொதுக்கருத்து முழு உண்மையன்று.

இனிச் செலவு. 2014-இன் மதிப்பீட்டின்படி மோனோ ரயிலுக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 158 கோடி ரூபாய். மெட்ரோவின் முதற்கட்டத்துக்கு 2009-இன் மதிப்பீட்டின்படி கிலோமீட்டருக்கு 324 கோடி. பாதிச் செலவில் முடிகிறது என்னும் வாதம் இங்கிருந்தே எழுந்தது. ஆனால் இவ்விரு தொகைகளும் ஒரே பொருளின் விலைகள் அல்ல. கிலோமீட்டருக்கான செலவை மணிக்கொள்ளளவின் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் பகிர்ந்தால், மோனோ ரயிலுக்கு 14 கோடியும் மெட்ரோவுக்கு 10.6 கோடியும் வருகின்றன. மெட்ரோவின் பாதிக்கு மேற்பட்ட நீளம் நிலத்துக்கடியில் செல்வது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மோனோ ரயிலோ முழுவதும் தூண்களின் மேல் செல்வது. இடைப்பட்ட ஐந்தாண்டு விலைவாசி உயர்வைக் கழித்தாலும், மலிவு என்னும் வாதம் வலுவிழக்கிறது.

இக்கணக்குக்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதே. கொள்ளளவு என்பது ஏற்றக்கூடிய தொகை, ஏறியவர்களின் தொகையன்று. ஒரு தடத்தில் மணிக்கு 8,000 பேர் மட்டுமே செல்வர் எனில் 30,000 பேருக்கான அமைப்பைக் கட்டுவது வீண். சென்னை மெட்ரோவில் 2023-இல் 9.11 கோடிப் பயணங்களும் 2024-இல் 10.52 கோடிப் பயணங்களும் நிகழ்ந்தன. பின்னதை நாள்களுக்குப் பகிர்ந்தால் சராசரி ஏறத்தாழ 2.9 லட்சம். 54 கி.மீ. நீளமுள்ள அமைப்புக்கு இது பெரும் கூட்டம் எனச் சொல்ல இயலாது. திட்டமிட்ட நாளில் எதிர்பார்க்கப்பட்டதில் பாதியையும் அது எட்டவில்லை. அதே நகரில் மாநகரப் பேருந்துகள் நாளொன்றுக்கு 30 லட்சம் அளவில் பயணங்களைச் சுமக்கின்றன. இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. நீளத்துக்கு 63,246 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 532 கோடி ரூபாய். இப்பெருந்தொகை பயனுறுவது ஏறுவோரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஏறுவோரின் எண்ணிக்கையோ நிலையத்தை எவ்வளவு எளிதில் அடைய முடிகிறது என்பதைப் பொறுத்தது.

மும்பையின் அனுபவம்

சென்னையில் கட்டப்படாத மோனோ ரயில் மும்பையில் கட்டப்பட்டது. ஆகவே, கட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

செம்பூர் – வடாலா தடம் 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வடாலாவிலிருந்து ஜேக்கப் சர்க்கிள் வரையிலான மறுபாதி 2019 மார்ச்சில்தான் வந்தது. மொத்தம் ஏறத்தாழ 20 கி.மீ. சென்னைக்கு 2014-இல் ஒப்புதல் பெற்ற நீளமும் அதுவே என்பது தற்செயல்; ஆயினும் ஒப்பீட்டுக்கு உதவுவது. 2017 நவம்பரில் நிலையமொன்றில் நின்ற தொடரின் பெட்டிகள் தீப்பற்றின. பயணிகள் இல்லாத விடியற்காலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. சேவை பத்து மாதங்கள் நின்றது. அடுத்த ஆண்டின் இறுதியில் இயக்க ஒப்பந்தம் முறிந்தது. தொடர்களை உருவாக்கித் தந்தது ஒரே மலேசிய நிறுவனம். அதன் உதிரிப் பாகங்களுக்கு வேறு ஆதாரம் இல்லை. ஓடக்கூடிய தொடர்கள் குறையக் குறைய இடைவெளி நீண்டது. இடைவெளி நீண்டதால் பயணிகள் குறைந்தனர்.

2025 ஆகஸ்டு 19-ஆம் நாள் பெருமழையில் புறநகர் ரயில்கள் முடங்க, மோனோ ரயிலில் வழக்கத்துக்கு மாறான கூட்டம் ஏறியது. வடிவமைப்பு எடையாகிய 104 டன்னைத் தாண்டி 109 டன்னாயிற்று என்று மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையம் விளக்கமளித்தது. மின்தொடர்பு அறுபட்டுத் தொடர் இரு நிலையங்களுக்கிடையே உயரத்தில் நின்றது. தீயணைப்புத் துறையினர் ஏணி ஊர்திகளைக் கொண்டு 582 பேரை இறக்கினர். மெட்ரோவின் மேம்பாலப் பாதையில் தொடர் நின்றால் பயணிகள் பாதையோரமாக நடந்து அடுத்த நிலையத்தை அடையலாம். உத்திரத்தின் மேல் நிற்கும் தொடரிலிருந்து கால் வைக்க இடமில்லை. ஐந்து டன் என்பது ஏறத்தாழ எண்பது பேரின் எடை. இந்திய நகரொன்றின் மழைநாள் மாலையில் எண்பது பேர் கூடுதலாக ஏறுவதை விபத்து எனக் கொள்ளலாமா, அன்றாடம் எனக் கொள்ள வேண்டுமா? வடிவமைப்பாளர் விடை சொல்ல வேண்டிய வினா இது. ஒரு மாதத்துக்குப் பின் சீரமைப்புக்காகச் சேவை முழுவதும் நிறுத்தப்பட்டது.

தொழில்நுட்பம் பழுதானது என்று இதைச் சுருக்கிவிடலாகாது. சோங்சிங்கில் இதே வகை ஊர்தி செவ்வனே ஓடுகிறது; அங்குத் தொடர்களும் உதிரிப் பாகங்களும் உள்நாட்டிலேயே உருவாகின்றன. ஒரு நகரம், ஒரு தடம், ஒரு வழங்குநர் என்னும் நிலையில் எந்த ஊர்தியும் அநாதையாகும். எஃகுத் தண்டவாளத்தின் பெருநன்மை அதன் வேகமன்று. பல நிறுவனங்கள் ஒரே அளவில் பெட்டி செய்து தரும் பொதுத்தன்மையே.

பேருந்துத் தனித்தடம்: சாலையின் அகலம்

சாலையின் நடுவில் பேருந்துகளுக்கென வேலியிட்ட தடம், தரைமட்டத்துக்கு உயர்த்திய நிறுத்தம், ஏறுமுன் சீட்டு ஆகியன அமைந்ததே முழுமையான பேருந்துத் தனித்தடம். பிரேசிலின் குரிடிபா நகரில் 1974-இல் இது தோன்றியது. அகமதாபாத்தில் 2009 முதல் இயங்குகிறது. தில்லியில் 2008-இல் அம்பேத்கர் நகர் – மூல்சந்து இடையே 5.8 கி.மீ. நீளத்துக்கு அமைக்கப்பட்டு, 2016-இல் இடித்து அகற்றப்பட்டது.

தில்லியின் தோல்வி சென்னையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒன்று. கார் ஓட்டுவோரின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கை 2012-இல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பது மட்டும் அத்துணை எடுத்துக்காட்டப்படுவதில்லை. சாலையில் செல்லும் ஊர்திகளை எண்ணுவதா, மனிதர்களை எண்ணுவதா என்பதே அவ்வழக்கின் உட்கிடை. சைகை விளக்குகள் உள்ள நகரச் சாலையின் ஒரு தடத்தில் மணிக்கு 900 கார்கள் செல்வதாகவும் ஒரு காரில் சராசரி ஒன்றரைப் பேர் இருப்பதாகவும் கொண்டால் 1,350 பேர். அதே அகலத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து சென்றால் 4,200 பேர். பேருந்துத் தடம் காலியாகக் கிடக்கிறது என்று அருகே நெரிசலில் நிற்பவருக்குத் தோன்றுவது, அது தடையின்றி இயங்குவதன் அடையாளம். எனினும் தில்லியின் பிழைகளும் மெய்யானவை: தடம் மிகக் குறுகிய நீளத்தில் நின்றது, இருசக்கர ஊர்திகள் உள்ளே நுழைவதைத் தடுக்க முடியவில்லை, சந்திப்புகளில் சைகைகளின் சுற்று நீண்டது.

சென்னைக்கு முதல் தடை அகலம். நடுவில் இரு பேருந்துத் தடங்களுக்கு 7 மீட்டர், நிறுத்தத்துக்கு மூன்றரை மீட்டர், இருபுறமும் பிற ஊர்திகளுக்கு இரண்டிரண்டு தடங்களாக 13 மீட்டர், நடைபாதைகளுக்கு 5 மீட்டர். ஆகக் கூட்டுத்தொகை இருபத்தெட்டரை மீட்டர். முந்துதடமும் வேண்டுமெனில் மேலும் 7 மீட்டர். நூறடிச் சாலை எனப்படும் உள்வட்டச் சாலை முப்பது மீட்டரளவு. முந்துதடமின்றி அங்கு இது இறுக்கமாக அமையும். பல்லாவரம் – துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையில் தாராளமாக அமையும். ஆற்காடு சாலையில் அமையவே அமையாது. ஆகவே, பேருந்துத் தனித்தடம் சென்னைக்கு ஏற்றதா என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. எந்தச் சாலைக்கு என்று கேட்டால் விடை உண்டு.

இரண்டாம் தடை அகலத்தைவிடக் கடினமானது. மெட்ரோ தூண்களின் மேலும் நிலத்தின் கீழும் செல்வதால் சாலையில் யாருடைய பங்கும் நிலையாகக் குறைவதில்லை. கட்டுமானக் காலத்து இடர்ப்பாட்டோடு முடிகிறது. பேருந்துத் தடமோ கார்களுக்கும் இருசக்கர ஊர்திகளுக்கும் உள்ள இடத்தை எடுத்துப் பேருந்துப் பயணிகளுக்குக் கொடுக்கிறது. பணம் குறைவாகவும் அரசியல் துணிவு மிகுதியாகவும் வேண்டப்படும் திட்டம் அது. அறுபதாயிரம் கோடி ரூபாயைத் திரட்டுவதைவிட மூன்றரை மீட்டர் சாலையை ஒதுக்குவது ஏன் அரிதாகிறது என்பது பொறியியல் வினாவன்று.

பறக்கும் ரயில் கற்பித்தவை

மக்கள் வாக்கில் ‘பறக்கும் ரயில்’ எனப் பெயர் பெற்ற தடம் 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும், 2004-இல் திருவான்மியூர் வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் நீண்டது. இருபது கிலோமீட்டருக்கும் குறைவான நீளத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். அகலப் பாதை, பெரும் நிலையங்கள், புறநகர் ரயிலோடு ஒத்த பெட்டிகள் என எல்லாம் இருந்தும் பயணிகள் கணிக்கப்பட்ட அளவில் சிறு பகுதியே வந்தனர்.

காரணம் தடத்தின் தேர்வில் உள்ளது. பக்கிங்காம் கால்வாயின் ஓரமும் அதன் படுகையும் அரசு நிலம். கையகப்படுத்தும் தொல்லை குறைவு. எனவே ரயில் கால்வாயைப் பின்பற்றியது. மக்களோ கால்வாயைப் பின்பற்றிப் பயணம் செய்வதில்லை. நிலையங்கள் பேருந்து நிறுத்தங்களிலிருந்து விலகி, வெளிச்சம் குறைந்த சந்துகளின் முடிவில் நின்றன. வணிக வளாகங்களாகும் எனக் கருதிக் கட்டப்பட்ட மேல்தளங்கள் வெறிச்சோடின. மாலை மங்கியபின் பெண்கள் தனியே இறங்க அஞ்சும் நிலையங்கள் என்னும் பெயர் அவற்றுள் சிலவற்றுக்கு நீண்ட காலம் ஒட்டிக்கொண்டது. கால்வாய்க்குள் இறங்கிய தூண்கள் வெள்ள நீரின் வழியைக் குறுக்கியமை தனி ஆய்வுக்குரியது. தரமணி, திருவான்மியூர்ப் பகுதிகளில் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் பெருகிய பின்னரே தெற்குப் பாதி ஓரளவு நிரம்பியது.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர். அங்குப் புறநகர் ரயிலும் மெட்ரோவும் உள்ளன. இந்த ஐந்து கிலோமீட்டர் இணைந்தால் பறக்கும் ரயில் ஒரு முட்டுச்சந்தாக இல்லாமல் வலையின் கண்ணியாகும். பணி 2008-இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலம் தொடர்பான வழக்குகளில் ஆண்டுகள் கழிந்து, 2020-களின் நடுப்பகுதி வரை அது முடிவடையவில்லை. ஏறத்தாழ முழுமையும் எழும்பி நின்ற பாதையின் பயனை அரைக் கிலோமீட்டர் முடக்கியது. அந்நிலத்தின் உரிமையாளர்கள் தம் வீட்டுக்கு உரிய இழப்பீடு கேட்டமையைக் குறை கூறுவதற்கில்லை. தடத்தை முடிவு செய்து, தூண்களை எழுப்பி, நிலத்தைக் கடைசியில் பேசிய வரிசையே பிழை.

முழுப் பயண நேரம்

பயணி ஊர்தியில் ஏறுவதற்காக வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை. ஓரிடத்தை அடைவதற்காகப் புறப்படுகிறார். எனவே வாசலிலிருந்து வாசல்வரை உள்ள நேரமே உண்மையான அளவுகோல். எடுத்துக்காட்டாக எட்டுக் கிலோமீட்டர்ப் பயணம் ஒன்றைக் கொள்ளலாம். நெரிசலில் பேருந்து மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் செல்வதாகவும், நிறுத்தத்துக்கு நடக்க ஐந்து நிமிடமும் காத்திருக்கப் பத்து நிமிடமும் ஆவதாகவும் கொண்டால் மொத்தம் 55 நிமிடம். தனித்தடத்தில் பேருந்து 20 கி.மீ. வேகத்தில் சென்று, காத்திருப்பு ஆறு நிமிடமாகக் குறைந்தால் 35 நிமிடம். மெட்ரோ 34 கி.மீ. வேகத்தில் 14 நிமிடத்தில் சென்றுவிடும். ஆனால் நிலையங்கள் தொலைவில் இருப்பதால் இருமுனையிலும் நடக்கப் பன்னிரண்டு நிமிடமும், படியேறி இறங்க நான்கும், காத்திருக்க நான்கும் சேர்ந்து 34 நிமிடம் ஆகும்.

எட்டுக் கிலோமீட்டருக்கு இரண்டும் சமம். இதே கணக்கை இருபது கிலோமீட்டருக்கு நீட்டினால் தனித்தடப் பேருந்துக்கு 71 நிமிடமும் மெட்ரோவுக்கு 55 நிமிடமும் ஆகும். குறும்பயணங்கள் மிக்க தடத்தில் பேருந்தும், நெடும்பயணங்கள் மிக்க தடத்தில் ரயிலும் பொருந்துவதை இது காட்டுகிறது. மற்றொன்றையும் காட்டுகிறது: மெட்ரோப் பயணத்தின் 34 நிமிடத்தில் 20 நிமிடம் ரயிலுக்கு வெளியே கழிகிறது. ரயிலின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் ஏழு நிமிடமே மிச்சம். நிலையத்தின் வாயிலில் பேருந்து நின்று, நடை பாதியாகக் குறைந்தால் ஆறு நிமிடம் மிச்சம். அதற்கு ஆகும் செலவோ ஒப்பிடத்தக்கதன்று. சென்னைவாசிகளின் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் முழுவதும் நடந்தே நிகழ்வதைப் போக்குவரத்து ஆய்வுகள் காட்டியுள்ளன. நடைபாதை எந்த ஊர்தித் திட்டத்திலும் தலைப்பாக இடம்பெறுவதில்லை.

கட்டணமும் பேருந்தின் எதிர்காலமும்

2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய். மிகுந்தது 50 ரூபாய். ரயில் வந்துவிட்டது என்பதற்காக அதே வழியில் ஓடும் பேருந்துகளைக் குறைப்பது திட்டமிடுவோர்க்கு இயல்பான எண்ணம். ரயிலின் பயணிகள் தொகையும் அதனால் உயரும். ஆனால் வீட்டுவேலைக்கோ கடைப் பணிக்கோ கட்டணமின்றிச் சென்று வந்த பெண்ணொருவர் அந்நாள் முதல் போகவர 60 ரூபாய் கொடுக்க வேண்டுமெனில், 25 வேலைநாள்களுக்கு 1,500 ரூபாய் ஆகிறது. பயணிகள் இடம்மாறினர் என்று அறிக்கையில் பதிவாகும் ஒன்று, குடும்பக் கணக்கில் வருமான வெட்டாகப் பதிவாகும்.

நான்கு அமைப்புகளையும் ஒருங்கே நோக்கும் பொறுப்பு, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு உரியது. சட்டம் 2010-இல் வந்தது. குழுமத்தின் முதற்கூட்டம் 2022-இல் நடைபெற்றது. மோனோ ரயிலும் மெட்ரோவும் மாறிமாறி முடிவான ஆண்டுகளுள் பல இந்த இடைவெளிக்குள் அடங்குகின்றன. 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே செயலியில் சீட்டுப் பெறும் வசதி வந்தது. ஊர்தி மாறும்போது புதிய கட்டணம் தொடங்காத நிலை வந்தால்தான் சீட்டு ஒன்றாவதோடு பயணமும் ஒன்றாகும்.

ஆற்காடு சாலையில் இன்று

மோனோ ரயிலின் கிளை செல்லவிருந்த போரூர் – வடபழனி வழியில் இப்போது மெட்ரோவின் தூண்கள் நிற்கின்றன. ஆலப்பாக்கம் முதல் ஆழ்வார்திருநகர் வரை 3.75 கி.மீ. நீளத்துக்கு இரண்டு மெட்ரோத் தடங்கள் ஒரே தூண்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்கின்றன. குறுகிய சாலைக்குப் பொறியியல் கண்ட விடை அது. மோனோ ரயிலின் மெல்லிய உத்திரத்தால் மட்டுமே முடியும் எனப்பட்டதை இரட்டை அடுக்கு மேம்பாலம் செய்திருக்கிறது. தூண்களுக்கு இருபுறமும் எஞ்சும் சாலையில் பேருந்து நிற்கவும், நிலையத்திலிருந்து இறங்குவோர் நடக்கவும், கடைகளுக்குச் சரக்கு இறக்கவும், இருசக்கர ஊர்திகளை நிறுத்தவும் இடம் பகிரப்பட வேண்டும். நிலையத்தின் ஒவ்வொரு வாயிலுக்கும் மிக அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட தொலைவை மீட்டரில் அளந்து பட்டியலிடும் கள ஆய்வு இத்தடத்துக்கு உடனடித் தேவை. சாலைப் பரப்பு மீண்டும் தார் ஊற்றி மூடப்படுவதற்குள் அது நடந்தால், நிறுத்தங்களைச் சில மீட்டர் நகர்த்துவதற்குத் தனிச்செலவு ஏதும் இராது.